ஆள் ஜெயில்லதான் இருக்கான்னு ஊருக்கே தெரியும், அப்புறம் எதுக்குங்க ஆட்கொணர்வு மனு?

தறிச்சத்தம்

எல்லாத்துக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா இருக்கற டவுட்டு, இப்ப பக்கத்து வீட்டுலயே ஒண்ணு நடந்ததால கேட்டே ஆகணும்னு எழுதறேன். நமக்கு ஈரோடு பக்கம். எங்க லைன் வீட்டுல இருக்கற ஒரு அக்காவோட பெரிய பையன், அடிதடி கேஸ்ல ஏற்கனவே உள்ள இருந்தவன், அவன்மேல இப்ப குண்டாஸ் போட்டுட்டாங்க. கோயமுத்தூர் சென்ட்ரல் ஜெயில்ல இருக்கான், அந்தக்காவும் வாராவாரம் பஸ் ஏறிப்போய் மனு போட்டு பாத்துட்டுதான் வருது. வக்கீல் என்ன சொல்றாருன்னா "ஹைகோர்ட்ல ஹேபியஸ் கார்பஸ் போடணும்மா, சென்னைக்குத்தான் போகணும்"ங்கறாரு.

எனக்குப் புரியாதது இதுதான். ஹேபியஸ் கார்பஸ்னா ஆட்கொணர்வு மனுன்னு பேப்பர்ல போடறாங்க. பொண்ணைக் காணோம்னு அப்பா அம்மா போடறது, கடத்திட்டுப் போயிட்டாங்கன்னு போடறது, அது சரிங்க, ஆளைக் கொண்டாந்து நிறுத்துங்கன்னு கேக்கறாங்க. இங்க ஆள் எந்த ஜெயில்ல எந்த பிளாக்ல இருக்கான்னு வரைக்கும் தெரியும், போலீஸ்காரங்களும் எங்ககிட்டதான் இருக்கான்னு சொல்றாங்க, அப்புறம் யார யாரு கொண்டாந்து நிறுத்தறது? ஜாமீன் மனு போட்டா ஆகாதா? அது என்ன பாஷை, அதுக்கு நெஜமான அர்த்தம்தான் என்ன, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

கறுப்புகோட்டு

நல்ல கேள்விங்க, ஜூனியரா சேர்ந்த புதுசுல இதே கேள்வியை சீனியர்கிட்ட கேட்டு முறைப்பு வாங்கினவங்க நிறைய பேர் இருக்காங்க.

அது லத்தீன். கார்பஸ்னா உடல், ஆள்னு வெச்சுக்கலாம். ஹேபியஸ்னா "நீ வெச்சிருக்கணும்". அதாவது அந்த ஆளை உன் கையில கொண்டு இங்க வரணும்னு ராஜா பேர்ல கோர்ட்டு ஜெயில் அதிகாரிக்கு போடற உத்தரவு. பழைய காலத்து இங்கிலாந்துல எல்லா உத்தரவும் லத்தீன்லதான் எழுதினாங்க, அந்த உத்தரவுல வர்ற வார்த்தையே அதுக்குப் பேரா நின்னுபோச்சு. ஆனா பேர்ல நின்னது பாதி வாக்கியம்தான், மீதி பாதியிலதான் விஷயமே இருக்கு. முழு உத்தரவும் என்ன சொல்லும்னா, இன்னாரை கோர்ட்டுக்கு கொண்டு வா, கூடவே அவரைப் பிடிச்ச நாள் எது, எந்தக் காரணத்துக்காக பிடிச்சு வெச்சிருக்க, அதையும் எழுதிக் கொண்டு வா. அந்தக் காரணம் சட்டப்படி செல்லுமான்னு கோர்ட்டு பாக்கும், செல்லலைன்னா அங்கேயே விட்டுரணும். கோர்ட்டு நெஜமா கேக்கறது "ஆள் எங்க"ன்னு இல்ல, "எந்த அதிகாரத்துல புடிச்சு வெச்சிருக்க"ன்னு. தமிழ்ல பேர் வெச்சவங்க முதல் பாதியை மட்டும் எடுத்துக்கிட்டதால ஏதோ காணாம போனவங்களை தேடித்தர்ற மனு மாதிரி ஆயிருச்சு.

இன்னும் சொல்லப்போனா ஆளைக் கொண்டு வர்றது கட்டாயமே இல்ல. கனு சன்யால்னு நக்சல்பாரி தலைவர் ஒருத்தர், விசாகப்பட்டினம் ஜெயில்ல இருந்தப்ப உச்சநீதிமன்றத்துல ஹேபியஸ் கார்பஸ் போட்டாரு. என்னை நேர்ல கொண்டு வரணுமா இல்லையான்னு அதுல ஒரு பெரிய வாதமே நடந்து, 1973ல கோர்ட்டு தெளிவா சொல்லிருச்சு, ஆளை முன்னாடி நிறுத்தாமலே காவல் சட்டப்படியான்னு பாத்து தீர்ப்பு சொல்லலாம்னு. அதனாலதான் குண்டாஸ் ஹெச்.சி.பி.ல (ஹேபியஸ் கார்பஸ் பெட்டிஷனை நாங்க கோர்ட்டுல அப்படித்தான் சொல்லுவோம், ஹெச்.சி.பி. போட்டாச்சா, ஹெச்.சி.பி. நம்பர் ஆச்சா) ஆளை கொண்டு வர்றதே கிடையாது. காகிதம் மட்டும்தான் பேசும்.

ஜாமீன் ஏன் ஆகாதுன்னா, குண்டாஸ் ஒரு கேஸே கிடையாது. அது 1982ல வந்த தமிழ்நாட்டுச் சட்டம், 14வது சட்டம்னு சொல்லுவோம். கள்ளச்சாராயம், போதைப்பொருள், ரவுடி, விபச்சாரத் தொழில், குடிசைப்பகுதி நில அபகரிப்பு இதுக்காக ஆரம்பிச்சது, அப்புறம் திருட்டு வீடியோ, மணல் திருட்டு, சைபர் குற்றம், பாலியல் குற்றம்னு லிஸ்டு நீண்டுக்கிட்டே போகுது. இதுல குற்றப்பத்திரிகை இல்ல, விசாரணை இல்ல, ஜட்ஜ் இல்ல. கலெக்டர் கையெழுத்து போட்டா, சிட்டியா இருந்தா போலீஸ் கமிஷனர் போட்டா, 12 மாசம் வரைக்கும் உள்ள வெக்கலாம். செஞ்ச தப்புக்கு தண்டனையா வெக்கறதில்ல, வெளிய வந்தா செய்வான்னு முன்கூட்டியே வெக்கறது, தடுப்புக்காவல்னு பேரு. கேஸே இல்லாத இடத்துல ஜாமீன் யார்கிட்ட கேப்பீங்க? அந்த உத்தரவையே உடைக்கணும், அதுக்கு நடைமுறையில இருக்கற வழி ஹேபியஸ் கார்பஸ்தான். உங்க பையனுக்கு பழைய அடிதடி கேஸ்ல ஜாமீன் கிடைச்சாலும் குண்டாஸ் இருக்கற வரைக்கும் வெளிய வர முடியாது, அதேமாதிரி குண்டாஸ் உடைஞ்சாலும் மெயின் கேஸ் அப்படியேதான் இருக்கும், அதுக்கு தனியா ஜாமீன் வாங்கணும். அந்தம்மாகிட்ட இதை தெளிவா சொல்லிருங்க, நிறைய குடும்பம் ஹைகோர்ட்டுல ஜெயிச்ச அன்னைக்கே ஆள் வந்துருவான்னு ஜெயில் வாசல்ல போய் நிக்குது.

---

மொட்டமாடி

கார்பஸ்னா உடல்னு இன்னைக்குத்தான் தெரியும். எங்க அபார்ட்மெண்ட்ல கார்பஸ் ஃபண்ட் கேட்டு மாசாமாசம் உயிரை வாங்கறாங்க, அதுவும் இதே கார்பஸ்தானா??

அப்புறம் ஒண்ணு, எங்க காலேஜ் வாட்சப் குரூப்ல கல்யாணமான அப்புறம் ஒரு மெசேஜும் போடாத ஒருத்தன் இருக்கான், "டேய் உன் வீட்டம்மா மேல ஹேபியஸ் கார்பஸ் போடப் போறோம்டா"ன்னு நாங்க ஓட்டுவோம். மேல வக்கீல் சார் சொன்ன கணக்குப்படி பாத்தா நாங்க சரியாத்தான் சொல்லியிருக்கோம் போல, ஆள் எங்க இருக்கான்னு எங்களுக்கும் தெரியும்தானே.

---

கறுப்புகோட்டு

@மொட்டமாடி அதே கார்பஸ்தாங்க, மொத்தமா திரண்ட முதல்னு அர்த்தம். உங்க நண்பர் விஷயத்துல ஒரு சிக்கல், தனி மனுஷங்க மேலயும் ஹேபியஸ் கார்பஸ் போடலாம், அதுல தப்பில்ல, ஆனா அவர் கோர்ட்டுக்கு வந்து "நான் என் இஷ்டப்படிதான் இருக்கேன்"னு சொல்லிட்டா மனு அங்கேயே குளோஸ்.

சிரிக்கறதுக்கு சொல்லல, பொண்ணைக் காணோம்னு போடற மனுக்கள்ல பாதி இப்படித்தான் முடியும். அப்பா போட்டிருப்பாரு, போலீஸ் தேடிக் கொண்டு வந்து நிறுத்தும், ஜட்ஜ் ரெண்டே கேள்விதான் கேப்பாங்க, வயசு 18 ஆச்சா, உன்னை யாராவது கட்டாயப்படுத்தி வெச்சிருக்காங்களா. புருஷன்கூட போறேன்னு சொன்னா போகலாம்னு விட்டுருவாங்க, அப்பா அந்த வராண்டாவுல நின்னு அழுதாலும் கோர்ட்டு அதுக்கு மேல ஒண்ணும் செய்யக்கூடாது. கேரளாவுல ஒரு அப்பா போட்ட ஆட்கொணர்வு மனுவுல ஹைகோர்ட்டு 2017ல அந்தப் பொண்ணோட கல்யாணமே செல்லாதுன்னு சொல்லிருச்சு. உச்சநீதிமன்றம் 2018 மார்ச்சுல அதை ரத்து பண்ணி, இந்த மனுவை வெச்சுக்கிட்டு மேஜரான ரெண்டு பேரோட கல்யாணத்துக்குள்ள போகக்கூடாதுன்னு சொல்லுச்சு. ஆள் சட்டவிரோதமா அடைபட்டிருக்காங்களா இல்லையா, அதோட இந்த மனுவுக்கு வேலை முடிஞ்சது. வெறுமனே ஆளைக் காணோம், யாராவது பிடிச்சு வெச்சிருக்கற சந்தேகமே இல்லன்னா அதுக்கு போலீஸ் கம்ப்ளெயிண்ட்தான், இந்த மனு இல்ல.

---

ரிடையர்டு குமாஸ்தா

தம்பிகளா, இதுக்கு நம்ம ஊர்ல பெரிய சரித்திரம் இருக்கு, வக்கீல் தம்பி அதைத் தொடாம விட்டுட்டார். அரசியல் சட்டம் வந்த அதே 1950ல ஏ.கே. கோபாலன், கம்யூனிஸ்ட் தலைவர், அப்போ மெட்ராஸ் மாநிலத்துல தடுப்புக்காவல்ல இருந்தார். அவர் உச்சநீதிமன்றத்துல போட்டது ஹேபியஸ் கார்பஸ்தான், வழக்கு பேரே கோபாலன் எதிர் மெட்ராஸ் மாநிலம். தோத்துத்தான் போனார், ஆனா ஒரு பிரிவை மட்டும் கோர்ட்டு அடிச்சுது. என்ன பிரிவுன்னு பாருங்க, காவல்ல வெச்ச காரணத்தை கோர்ட்டுக்கே சொல்லக்கூடாதுன்னு இருந்த பிரிவு! காரணத்தையே சொல்லலைன்னா ஹேபியஸ் கார்பஸ் எதுக்குங்கறேன்.

அப்புறம் எமர்ஜென்சி. நான் அப்போ சின்ன வேலையில இருந்தேன். 1976 ஜனவரி 31ல இங்க திமுக ஆட்சியைக் கலைச்சதும் மிசாங்கற தடுப்புக்காவல் சட்டத்துல கொத்துக்கொத்தா பிடிச்சாங்க, வடக்கே அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. மிசாவுல பிடிச்சவங்க ஹேபியஸ் கார்பஸ் போடலாமா கூடாதான்னு கேள்வி வந்தப்ப ஒம்பது ஹைகோர்ட்டு போடலாம்னு சொல்லுச்சு. உச்சநீதிமன்றம் 1976 ஏப்ரல் 28ல நாலுக்கு ஒண்ணுன்னு முடியாதுன்னு சொல்லிருச்சு, ஜபல்பூர் வழக்குன்னு சொல்லுவாங்க. வாதம் நடந்தப்ப நீதிபதி எச்.ஆர். கன்னா அரசு வக்கீல்கிட்ட கேட்டாராம், ஒரு போலீஸ்காரன் சொந்தப் பகையில ஒருத்தனைக் கொன்னாக்கூட இப்போ கோர்ட்டுக்கு வழியில்லையான்னு. வழியில்லைன்னு பதில் வந்தது. அந்த ஒத்தை மாறுபட்ட தீர்ப்பு கன்னாவோடது. அடுத்த வருஷம் அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவியை அவருக்கு ஜூனியருக்குக் கொடுத்தாங்க, மனுஷர் ராஜினாமா பண்ணிட்டுப் போயிட்டார். அந்த நாலு பேர்ல ஒய்.வி. சந்திரசூட்டும் ஒருத்தர், 2017ல அந்தத் தீர்ப்பு தப்புன்னு எழுதினது அவரோட மகன் டி.ஒய். சந்திரசூட். இப்பல்லாம் எமர்ஜென்சி போட்டாலும் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு தர்ற 21வது ஷரத்தை நிறுத்தி வெக்க முடியாது, 1978ல 44வது திருத்தத்துல அதை மாத்தியாச்சு.

கேரளாவுல ராஜன்னு ஒரு இன்ஜினியரிங் மாணவன், கோழிக்கோடு ஆர்.இ.சி.யில படிச்சவன், 1976 மார்ச் 1ல போலீஸ் தூக்கிட்டுப் போச்சு. அப்பா ஈச்சர வாரியர், இந்தி வாத்தியார், அலையாத இடமில்ல. எமர்ஜென்சி முடிஞ்ச உடனே 1977ல ஹைகோர்ட்டுல ஹேபியஸ் கார்பஸ் போட்டார். நாங்க பிடிக்கவே இல்லைன்னு அரசாங்கம் சத்தியப்பிரமாணம் கொடுத்தது, கோர்ட்டு நம்பல, பையனைக் கொண்டு வான்னு தேதி போட்டது. கொண்டு வர ஆளில்ல. முதலமைச்சர் கருணாகரன் பதவி ஏறி ஒரு மாசத்துலயே இறங்க வேண்டியதாப் போச்சு. பையன் உடம்பு கடைசி வரைக்கும் கிடைக்கல. இந்த மனுவோட பேரே உடம்புங்கறதை நெனச்சா எனக்கு இப்பவும் என்னமோ பண்ணும்.

---

வன்னி வெயில்

ஐயா எழுதின ராஜன் கதையை வாசிக்க எங்கட பக்கம் ஞாபகம் வருது. இலங்கையிலயும் இதே ஆட்கொணர்வு மனு எண்டுதான் சொல்லுறது, அரசியலமைப்பின்ர 141ஆவது உறுப்புரையில இருக்கு. 2009 மே மாசம் யுத்தத்தின்ர கடைசி நாட்களில இராணுவத்திட்ட சரணடைஞ்ச ஆக்களின்ர மனுசிமார், அம்மாமார் வவுனியா மேல் நீதிமன்றத்தில போட்டவை. அங்கயிருந்து முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்துக்கு விசாரிச்சு அறிக்கை தரச்சொல்லிப் போய், தவணைக்கு மேல தவணையா வருசக்கணக்கில இழுபட்டது. அவை எங்களிட்ட சரணடையேல்லை எண்டதுதான் இராணுவத்தரப்பின்ர பதில். கண்ணுக்கு முன்னால கையில பிடிச்சுக் குடுத்த ஆக்கள் சொல்லினம், குடுத்தனாங்கள் எண்டு. தமிழ்நாட்டில காவல்ல வைச்சிருக்கிறம் எண்டு ஒப்புக்கொண்டு பேப்பராவது காட்டுறாங்கள், அந்தப் பேப்பரில பிழை பிடிக்கலாம். இல்லவே இல்லை எண்டு சொல்லுற இடத்தில என்னத்தைப் பிடிக்கிறது?

---

நேர்ப்பேச்சு

எல்லாம் சரி, நான் கொஞ்சம் மாத்திப் பேசறேன் கோச்சுக்காதீங்க. எங்க ஏரியாவுல ஒருத்தன் மேல எட்டு கேஸ், சாட்சி சொல்ல ஒருத்தனும் வரமாட்டான், குண்டாஸ் போட்ட அப்புறம்தான் கடைக்காரங்க நிம்மதியா ஷட்டர் தொறந்தாங்க. ஹைகோர்ட்டுல போய் ஜெராக்ஸ் சரியா விழல, கடுதாசிக்கு லேட்டா பதில் போட்டாங்கன்னு காரணம் சொல்லி வெளிய வந்துட்டான். ஜெராக்ஸ் மெஷின்ல மை இல்லன்னா ரவுடி நல்லவன் ஆயிருவானா? செந்தில் பாலாஜி விஷயத்துலயும் இதே மனுதானே, ஆள் ஆஸ்பத்திரியில டிவி வெளிச்சத்துல இருக்காரு, வெளிய ஆட்கொணர்வு மனுன்னு பிரேக்கிங் நியூஸ்.

---

கறுப்புகோட்டு

@நேர்ப்பேச்சு கோவம் நியாயம்தான், நான் தப்பு சொல்லல. ஆனா ஜெராக்ஸ் ஏன் அவ்ளோ முக்கியம்னு யோசிங்க. விசாரணை கிடையாது, சாட்சியை குறுக்கு விசாரணை பண்ண முடியாது, காவல் உத்தரவைப் பரிசீலிக்கற அட்வைசரி போர்டு முன்னாடி வக்கீல் பேச முடியாது. அந்த ஆளுக்கு மிச்சம் இருக்கற ஒரே உரிமை, என்னை எதுக்கு அடைச்சீங்கன்னு காரணத்தைப் படிச்சுப் பாத்து, இது தப்புன்னு அரசாங்கத்துக்கு ஒரு முறையீடு எழுதறது. அரசியல் சட்டம் 22(5)ல அது இருக்கு. கொடுத்த காகிதம் படிக்க முடியலைன்னாலோ, தமிழ் மட்டும் தெரிஞ்சவனுக்கு இங்கிலீஷ்ல கொடுத்தாலோ, அவன் எழுதின முறையீட்டை காரணமில்லாம ஃபைலுக்கு அடியில போட்டு வெச்சாலோ அந்த ஒரே உரிமையும் போச்சு. எட்டு கேஸ் இருக்கறவனை அந்த எட்டு கேஸையும் ஒழுங்கா நடத்தி தண்டனை வாங்கித் தரட்டும், யாரு வேணாங்கறா? கேஸ் நடத்த சோம்பேறித்தனப்பட்டுத்தான் பாதி நேரம் குண்டாஸ் போடறாங்க, நாட்டுலயே தடுப்புக்காவல் அதிகமா போடற மாநிலங்கள்ல நாமளும் முன்வரிசையிலதான் இருக்கோம்.

அப்புறம் செந்தில் பாலாஜி கேஸ் வேற. 2023 ஜூன் 14ல அமலாக்கத்துறை கைது பண்ணாங்க, அவர் மனைவி ஹெச்.சி.பி. போட்டாங்க. ஹைகோர்ட்டுல ரெண்டு ஜட்ஜும் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லி, மூணாவது ஜட்ஜுக்குப் போய், கடைசியில உச்சநீதிமன்றம் ஆகஸ்ட்டுல தள்ளுபடி பண்ணிருச்சு. மாஜிஸ்திரேட்டோ செஷன்ஸ் ஜட்ஜோ பாத்து ரிமாண்டு பண்ணிட்டா அது நீதிமன்றக் காவல், அதை எதிர்க்க வேற வழி இருக்கு, ஹேபியஸ் கார்பஸ் சாதாரணமா ஓடாது. குண்டாஸ்ல ஜட்ஜே பாக்கலை, கலெக்டர் கையெழுத்து, அதனால ஓடும். பேர் ஒண்ணுதான், டிவிக்காரங்க ரெண்டையும் ஒரே ஸ்க்ரோல்ல ஓட்டறதால மக்களுக்கு குழப்பம்.

---

தறிச்சத்தம்

ரொம்ப நன்றிங்க எல்லாத்துக்கும், இவ்ளோ விஷயம் இருக்கும்னு நெனைக்கல. வக்கீல் சாருக்கு இன்னும் ரெண்டு கேள்வி. ஒண்ணு, பையன் ஏற்கனவே உள்ளதான இருந்தான், உள்ள இருக்கறவன் வெளிய வந்து என்னமோ பண்ணிருவான்னு எப்படி உள்ளயே மறுபடி புடிக்கறாங்க? ரெண்டாவது எவ்ளோ நாளாகும், செலவு எவ்ளோ ஆகும். அந்தக்கா கந்து வாங்கியாச்சும் கட்டறேன்னு நிக்குது, அதான் பயமா இருக்குங்க.

---

கறுப்புகோட்டு

முதல் கேள்விதான் உங்க கேஸ்லயே முக்கியமான பாயிண்டா இருக்கலாம். உள்ள இருக்கறவன்மேலயும் போடலாம், ஆனா சீக்கிரம் ஜாமீன்ல வந்துருவான்னு நெஜமான ஆதாரம் இருக்கணும். காலாவதி மருந்து வித்த விவகாரத்துல குண்டாஸ்ல போட்ட ஒருத்தர் விஷயத்துல அவர் மனைவி உச்சநீதிமன்றம் வரைக்கும் போனாங்க. ஜாமீன் மனுவே நிலுவையில இல்ல, இதேமாதிரி கேஸ்ல மத்தவங்களுக்கு ஜாமீன் கிடைச்சிருக்குன்னு பொத்தாம்பொதுவா எழுதியிருக்கீங்க, எந்த கேஸ், எந்த தேதி ஒண்ணும் இல்லன்னு 2011ல கோர்ட்டு அந்த உத்தரவை ரத்து பண்ணிருச்சு. இன்னைக்கும் தமிழ்நாட்டு ஹெச்.சி.பி.ல பாதி வாதம் இதுலதான் ஓடும். உங்க பையன் உத்தரவுல எந்த கேஸைக் காட்டியிருக்காங்க, அதுக்கும் இவன் கேஸுக்கும் சம்பந்தம் இருக்கான்னு வக்கீலைப் பாக்கச் சொல்லுங்க.

தேதிகளையும் கையோட ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. உள்ள வெச்ச 5 நாளுக்குள்ள காரணங்களை எழுத்துல கொடுத்திருக்கணும், 12 நாளுக்குள்ள அரசு ஒப்புதல் கொடுத்திருக்கணும், மூணு வாரத்துக்குள்ள அட்வைசரி போர்டுக்கு அனுப்பியிருக்கணும். முறையீடு இன்னும் எழுதலைன்னா முதல் வேலையா அதை எழுதி அனுப்புங்க, அனுப்பின தேதிக்கு ஆதாரம் வைங்க, ஹெச்.சி.பி. கூட அப்புறம்தான்.

நாள் கணக்கு சொல்ல மாட்டேன், ரெண்டு ஜட்ஜ் உக்கார்ற டிவிஷன் பெஞ்ச் லிஸ்டைப் பொறுத்தது, பல மாசம் இழுக்கறதும் உண்டு. 12 மாசம் முடியப்போற நேரத்துல உத்தரவு ரத்தாகி வர்றதைப் பாத்தா எங்களுக்கே வெக்கமா இருக்கும். 1979ல திகார் ஜெயில்ல இருந்து ஒரு கைதி, கூட இருந்த இன்னொரு கைதியை சித்திரவதை பண்ணாங்கன்னு உச்சநீதிமன்ற ஜட்ஜுக்கு எழுதின கடுதாசியையே ஹேபியஸ் கார்பஸா எடுத்து நடத்தினாங்க, அவ்ளோ அவசரமா பாக்க வேண்டிய மனு இது.

செலவுக்கு கந்து வேண்டவே வேண்டாம். காவல்ல இருக்கறவங்களுக்கு வருமானம் எவ்ளோன்னு பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டத்துல 12வது பிரிவு. ஈரோடு கோர்ட்டு வளாகத்துலயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், ஹைகோர்ட்டு மனுன்னு சொன்னா சென்னையில இருக்கற ஹைகோர்ட்டு கமிட்டிக்கு அனுப்பி வைப்பாங்க. மனு அந்தம்மா பேர்லயே போடலாம், பையன் கையெழுத்து வேண்டியதில்ல. குண்டாஸ் உத்தரவு நகல், காரணங்கள் அடங்கின புக்லெட், ஆதார், இது மூணும் எடுத்துட்டு திங்கக்கிழமை காலையில போகச் சொல்லுங்க. புக்லெட் பையன்கிட்ட ஜெயில்லதான் இருக்கும், அடுத்த வாரம் மனு பாக்கப் போறப்ப கேட்டு வாங்கிக்கலாம், அதுக்காக திங்கக்கிழமையை தள்ளிப்போட வேண்டாம்.

---

தறிச்சத்தம்

சரிங்க, இப்பவே போய் சொல்லிடறேன். உத்தரவு நகல் அந்தக்கா வீட்டுல இருக்கு, பொழுது சாய போட்டோ புடிச்சு ஊரு பேரு மறச்சுட்டு போடறேன், ஜாமீன் பத்தி அதுல என்ன எழுதியிருக்காங்கன்னு ஒரு எட்டு பாத்து சொல்லுங்க.